குழந்தையை எங்கே கிடத்துகிறீர்கள்?

நாளிதழ்களின் உள்பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. இரவு தாய்ப்பால் குடித்துவிட்டுத் தூங்கிய இரண்டு மாதக் குழந்தை, காலையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது; மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள்; ஏற்கெனவே இறந்துவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள்; பால் புரையேறி மூச்சுத்திணறியிருக்கலாம் என்று கூறப்படுகிறது; போலீஸார் விசாரிக்கிறார்கள். ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். ஊர் மாறும், பெயர் மாறும், வாசகம் மாறாது. அந்தக் குழந்தை படுத்திருந்தது மெத்தையிலா பாயிலா, குப்புறவா மல்லாந்தா, பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள், தலைமாட்டில் எத்தனை தலையணைகள் கிடந்தன என்று ஒரு சொல் இருக்காது. வீட்டுக்கு வந்தவர்களும் அதைக் கேட்பதில்லை. "பால் குடுத்துக்கிட்டே தூங்கிட்டாளாம்" என்ற ஒற்றைப் பேச்சில் பழி முழுவதும் தாயின் தலையில் இறங்கிவிடும். ஆயுள் முழுக்க அவள் அதைச் சுமப்பாள்.

நம் வீடுகளில் கைக்குழந்தை தாயின் பக்கத்தில்தான் தூங்குகிறது. இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. குழந்தைக்கென்று தனியறை உள்ள வீடுகள் இங்கே மிகக் குறைவு. இருந்தாலும், பிறந்த பிள்ளையை அந்த அறையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்த எந்தப் பாட்டிக்கும் மனம் வராது. ராத்திரியில் நாலு தடவை பாலுக்கு அழும் பிள்ளை கை எட்டும் தூரத்தில் கிடப்பதுதான் பச்சை உடம்புக்காரிக்கும் தோது. இவ்வளவு பரவலான பழக்கத்தைப் பற்றி நம் மருத்துவமனைகள் வாய் திறப்பது அரிது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் கொடுக்கும் தாளைப் பாருங்கள். தையலை எப்போது காட்ட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள், அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி என்பதெல்லாம் இருக்கும். இன்றைக்கு ராத்திரி இந்தப் பிள்ளையை எங்கே கிடத்தப்போகிறீர்கள் என்ற கேள்வி இருக்காது. கைபேசியில் தேடிப் படிக்கும் தாய்க்கோ, ஒரே படுக்கை கூடவே கூடாது என்ற மேலைநாட்டுத் தடை கிடைக்கிறது. பக்கத்தில் மாமியார், "நாங்கெல்லாம் எப்படி வளத்தோம்?" என்கிறார். மருத்துவமனையின் மௌனமும் உதவவில்லை, கைபேசியின் தடையும் உதவவில்லை. கைக்குழந்தையோடு எப்படிப் படுப்பது என்பதைக் கூச்சமில்லாமல், வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. சாலமோன் ராஜாவின் தீர்ப்பு நமக்கெல்லாம் தெரிந்த கதை. குழந்தையை இரண்டாக வெட்டச் சொன்ன வாள் நினைவிருக்கிறது. அந்த வழக்கு ஏன் வந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். இரவில் ஒரு பெண் தூக்கத்தில் தன் பிள்ளையின் மேல் புரண்டு படுத்துவிட, அது இறந்துபோனது. அங்கிருந்துதான் கதையே தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், பிறர் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் செவிலித்தாய்கள், படுக்கையில் குழந்தையின் மேல் வில் போல வளைந்த மரச்சட்டம் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூக்கத்தில் உடம்போ போர்வையோ குழந்தையை அமுக்கிவிடாமலிருக்க அந்த ஏற்பாடு. இந்தப் பயம் மனிதகுலத்துக்கு மிகப் பழையது.

ஆனால் தாய் புரண்டு படுப்பது மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் திடீரென்று இறந்துபோவது, தாயோடு படுத்தாலும் தனித் தொட்டிலில் படுத்தாலும் நடக்கிறது. இரண்டிலிருந்து நான்கு மாதம் வரையான பருவத்தில் இது உச்சத்தில் இருக்கிறது. இப்படி நேரும் இறப்புகளில் பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள் நேர்ந்துவிடுகின்றன. மூன்று விஷயங்கள் ஒரே இரவில் கூடும்போது விபரீதம் நேர்கிறது என்று 1994-ல் பிலியானோ, கின்னி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒன்று, குழந்தையின் உள்ளே ஏற்கெனவே இருக்கும் பலவீனம். குறிப்பாக, மூச்சு முட்டும்போது உலுக்கி எழுப்ப வேண்டிய மூளைத்தண்டுப் பகுதி முதிராமல் இருப்பது. இரண்டாவது, உடம்பு வேகமாக மாறிக்கொண்டிருக்கும் அந்த ஆறு மாதப் பருவம். மூன்றாவது, வெளியிலிருந்து வரும் நெருக்கடி: குப்புறப் படுத்த முகம், மெத்தைக்குள் அமுங்கிய மூக்கு, தலையோடு மூடிய போர்வை, அதிகப்படியான சூடு, பீடி சிகரெட் புகை. குப்புறக் கிடக்கும் குழந்தை, தான் வெளியே விட்ட காற்றையே மெத்தைக் குழியிலிருந்து திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கிறது. பெரியவர்கள் என்றால் திணறி விழித்துக்கொள்வோம். இரண்டு மாதப் பிள்ளைக்குச் சில வேளை அந்த விழிப்பு வருவதில்லை. முதல் இரண்டு காரணங்கள் நம் கையில் இல்லை. மூன்றாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

1980-களின் இறுதியில் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள், குப்புறப் படுக்கவைப்பதுதான் பெரிய ஆபத்து என்று காட்டின. 1991-ல் அந்த இரு நாடுகளும், 1994-ல் அமெரிக்காவும் குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள் என்று வீடுவீடாகச் சொல்லத் தொடங்கின. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்த இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தோ கருவியோ வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்த வாக்கியம் நம் வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. "மல்லாக்கப் போட்டா பால் கக்கிப் புரையேறிடும், குப்புறப் போட்டாத்தான் வாயு பிரியும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். உடம்பின் அமைப்பு அதற்கு நேர்மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் போவது கடினம். கீழேயே திரும்பிவிடும், அல்லது பிள்ளை இருமி விழுங்கிவிடும். குப்புறக் கிடத்தினால் மூச்சுக்குழல் கீழே வந்துவிடுகிறது. உலகமெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளை மல்லாக்கக் கிடத்தத் தொடங்கிய பிறகு, புரையேறி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை. உள்பக்கச் செய்தியில் வரும் புரையேறலை இனி எழுதும்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சரி, தாயோடு ஒரே படுக்கை? இதில் மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசவில்லை. 2013-ல் வெளியான கார்ப்பென்டர் குழுவின் ஆய்வு, பெற்றோர் புகைக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரே படுக்கையால் ஆபத்து ஐந்து மடங்கு கூடுகிறது என்றது. அடுத்த ஆண்டே பிரிஸ்டலைச் சேர்ந்த பீட்டர் பிளேரின் குழு, மது, புகை, சோபா ஆகிய மூன்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் அப்படிக் குறிப்பிடும்படியான கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்றது. சோபாவில் குழந்தையோடு தூங்குவதன் ஆபத்து அவர்கள் கணக்கில் 18 மடங்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டியில், ஒரே அறை, தனிப் படுக்கை என்ற நிலையில் உறுதியாக நிற்கிறது. பிரிட்டனின் அரசு வழிகாட்டியோ 2021 முதல், பாதுகாப்பாக உடன் படுப்பது எப்படி என்று பெற்றோரிடம் பேசும்படி மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்கிறது.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். முதல் ஆறு மாதம், தாயின் படுக்கையை ஒட்டி, கை எட்டும் தூரத்தில், குழந்தைக்கென்று தனியாக ஒரு சமமான, கெட்டியான படுக்கை இருப்பது ஆகச் சிறந்தது. முடிந்தவர்கள் அதைச் செய்யட்டும். ஆனால் நடு ராத்திரியில் பால் கொடுத்தபடியே கண் அசந்துவிடாத தாய் எவளும் இல்லை. ஆகவே ஒரே படுக்கையில் தூங்க நேரும் என்று எதிர்பார்த்தே எல்லா வீட்டிலும் படுக்கையைத் தயார் செய்து வைக்க வேண்டும்.

தடை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2011-ல் மில்வாக்கி நகரச் சுகாதாரத் துறை ஒரு விளம்பரம் வெளியிட்டது: பெரிய கட்டிலில் குழந்தை தூங்குகிறது, பக்கத்தில் இறைச்சி வெட்டும் கத்தி கிடக்கிறது. உங்களோடு தூங்குவதும் இதே அளவு ஆபத்து என்பது செய்தி. தாயின் உடம்பைக் கத்தியோடு சேர்த்துக் காட்டிய அந்தப் படத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. இப்படிப் பயமுறுத்தப்பட்ட தாய் என்ன செய்வாள்? கட்டிலில் பால் கொடுத்தால் தூங்கிவிடுவோமோ என்று எழுந்து போய்ச் சோபாவில் உட்காருவாள். அங்கே தூங்கிவிடுவாள். குழந்தை அவள் மடியிலிருந்து சரிந்து, சோபாவின் முதுகுக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் முகம் புதைந்து கிடக்கும். தூங்கிவிட வாய்ப்பு இருந்தால் சோபாவைவிடக் கட்டிலே மேல் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமே 2016-ல் எழுத வேண்டிவந்தது.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் வேறு வழி கண்டார்கள். அவர்கள் குழந்தைகளிடையே இந்த இறப்பு மிக அதிகமாக இருந்தது. கர்ப்ப காலத்திலும் புகைத்த தாய், பிறகு அதே படுக்கையில் குழந்தை என்ற சேர்க்கை முக்கியக் காரணம். சேர்ந்து படுக்காதீர்கள் என்ற அறிவுரை அவர்களிடம் எடுபடவில்லை. குழந்தையைத் தள்ளிப் படுக்கவைப்பது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. டேவிட் டிபெனே-லீச் என்ற மவோரி மருத்துவரும் நெசவுக்காரப் பெண்களும் சேர்ந்து, ஊரில் விளையும் நார்ச்செடியின் இலைகளை முடைந்து சிறு கூடைப்படுக்கை செய்தார்கள். 2006 முதல் அது வஹகுரா என்ற பெயரில் பரவியது. கூடை பெரியவர்களின் படுக்கை மேலேயே இருக்கும். தாயின் கை குழந்தையின் மேல் இருக்கும், தாயின் உடம்பும் போர்வையும் தலையணையும் அதன் மேல் வராது. பிறகு அதையொட்டிப் பிளாஸ்டிக் படுக்கைகளும் வந்தன. இவை பரவிய 2009–2015 காலத்தில், பிறந்த முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் அந்நாட்டில் 29 சதவீதம் குறைந்தது. மவோரி குழந்தைகளிடையே அதிகம் குறைந்தது. அந்த மக்களின் பழக்கத்தை அவமதிக்காமல், அதற்குள்ளேயே ஒரு பாதுகாப்பை வைத்தார்கள். பாய் முடையவும் பிரம்புக் கூடை பின்னவும் தெரிந்த நாடு நம்முடையது. இப்படி ஒன்றை இங்கே வடிவமைக்க ஒரு பொறியியல் கல்லூரியோ கைவினைக் கூட்டுறவோ முன்வர வேண்டும்.

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகள் நம்மைப் பற்றியும் ஏதோ சொல்கின்றன. பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தான் வம்சாவளித் தாய்கள் குழந்தையைத் தம்மோடு படுக்கவைப்பது வெள்ளையினத் தாய்களைவிட அதிகம். அப்படியும் தெற்காசியக் குழந்தைகளிடையே திடீர் இறப்பு குறைவாகவே இருந்தது. அந்தத் தாய்கள் புகைப்பதும் குடிப்பதும் அரிது. சோபாவில் குழந்தையோடு தூங்குவதும் குறைவு. குழந்தையைத் தனியறையில் விடுவதுமில்லை. இதைப் படித்துவிட்டு நம் பாரம்பரியமே பாதுகாப்பு என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். அந்தப் பாரம்பரியம் இன்று நம் படுக்கையறையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

பாட்டி பிள்ளை பெற்றபோது தரையில் கோரைப்பாய், அதன்மேல் மடித்துப் போட்ட பழைய பருத்திச் சேலை. கெட்டியான, சமமான படுக்கை. விழவும் இடமில்லை, இடுக்கில் சிக்கவும் இடமில்லை. பேத்தியின் வீட்டில், சுவரை ஒட்டிப் போட்ட பெட்டி வைத்த கட்டில். அதன்மேல் பத்து அங்குல ஃபோம் மெத்தை. படுத்தால் உடம்பு அமுங்கிக் குழி விழும், அந்தக் குழியை நோக்கிக் குழந்தை உருளும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதை அடைக்க ஒரு தலையணை. குழந்தை கீழே விழாமலிருக்க மறுபக்கம் இன்னொரு தலையணை. ஏசி ஓடுவதால் இரட்டைக் கம்பளி, தலைக்குக் குல்லாய், கைக்கும் காலுக்கும் உறை. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை. ஒரு பக்கம் கணவர், நடுவில் பிள்ளை, இன்னொரு பக்கம் தாய், காலடியில் மூன்று வயது மூத்தது. அன்பினால் சேர்த்த பொருட்கள்தாம் எல்லாமே. ஒவ்வொன்றும் அந்தச் சின்ன மூக்கின் முன்னால் காற்றைக் குறைக்கிறது. தலை உருண்டையாக வர, விழித்திருக்கும்போது சற்று நேரம் நம் கண்முன்னே குப்புறக் கிடத்தி விளையாட விட்டால் போதும். கடுகுத் தலையணையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்படியானால் எப்படிப் படுப்பது? மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போட்டு, சுவரைவிட்டுத் தள்ளி வைப்பது நல்லது. மெத்தை அமுங்குமென்றால் அதை விட்டுவிட்டுப் பாய்மேல் கனமான ஜமுக்காளத்தை மடித்து விரிக்கலாம். குழந்தையின் தலை தாயின் மார்புக்கு நேராக இருக்க வேண்டும். முகத்துக்கு நேராக மேலே ஏற்றினால் தலையணை மூக்கில் படும். தாய் குழந்தையைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்கையைக் குழந்தையின் தலைக்கு மேலாக நீட்டி, முழங்கால்களை மடக்கிக் குழந்தையின் பாதங்களுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்போது குழந்தை மேலே தலையணைப் பக்கமும் நகராது, கீழே போர்வைக்குள்ளும் நழுவாது. பால் கொடுக்கும் தாய்கள் யாரும் சொல்லித்தராமலே பெரும்பாலும் இப்படித்தான் வளைந்து படுக்கிறார்கள் என்பதை, தூக்க ஆய்வுக்கூடங்களில் இரவெல்லாம் படம்பிடித்துப் பார்த்த ஹெலன் பால், ஜேம்ஸ் மெக்கன்னா போன்ற மானுடவியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பால் குடித்து முடித்ததும் பிள்ளையை மல்லாக்கத் திருப்பிவிட வேண்டும். போர்வை தாயின் இடுப்போடு நிற்கட்டும். தலைமுடியைப் பின்னிக்கொள்ளட்டும், துப்பட்டாவையும் நீளச் சங்கிலியையும் கழற்றி வைக்கட்டும். குழந்தையின் கழுத்தில் கயிறோ சங்கிலியோ வேண்டாம். துணியால் இறுக்கிச் சுற்றிய பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். அதற்குக் கை அசைக்க வழி இருக்க வேண்டும். மூத்த பிள்ளை தாயின் முதுகுப் பக்கம் படுக்கட்டும், கைக்குழந்தையின் பக்கம் வேண்டாம்.

சில வீடுகளில், சில இரவுகளில், ஒரே படுக்கை அறவே கூடாது. குடித்தவர் அந்தப் படுக்கையில் படுக்கக் கூடாது. இதைச் சொல்ல நம் ஊரில் பெண்களுக்குத் தைரியம் வருவதில்லை. அதனால் மருத்துவமனை சொல்ல வேண்டும், கணவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பீடி சிகரெட் குடிப்பவர் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தாலும் அதே விதிதான். 37 வாரத்துக்கு முன்பே பிறந்த பிள்ளையையும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்ததையும் தூங்கும்போது தனிப் படுக்கையில்தான் கிடத்த வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லும் கங்காரு பராமரிப்பு வேறு. அது மருத்துவர் மேற்பார்வையில், தாய் சாய்ந்த நிலையில், குழந்தையை நிமிர்த்திக் கட்டிச் செய்வது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றில் தையலோடு, தூக்கம் வரவைக்கும் மருந்துகளோடு இருக்கும் தாய்க்கு முதல் சில நாட்கள் குழந்தையைத் தூக்கித் தரவும் திரும்ப வாங்கிக் கிடத்தவும் விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மதுவுக்கும் தூக்க மருந்துக்கும் சமமாக அமெரிக்க வழிகாட்டி வைக்கும் இன்னொன்று, கடும் களைப்பு. ஆபத்து பத்து மடங்குக்கு மேல் கூடும் என்ற வரிசையில் அதுவும் இருக்கிறது. நாம் அதிகம் கண்டுகொள்ளாததும் அதுதான். பகலெல்லாம் வந்து போகும் விருந்தாளிகளுக்குக் காபி போட்டு, துணி அலசி, இரவெல்லாம் விழித்து, விடியலில் சரிந்து விழுகிறவளிடம் எச்சரிக்கையாகப் படு என்று சொல்வது அநியாயம். பகலில் அவள் மூன்று மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்க வழிசெய்வது, குழந்தையின் உயிரைக் காக்கும் வேலை. அது கணவருடைய கடமை, வீட்டாருடைய கடமை.

தூளியையும் சொல்லிவிட வேண்டும். புடவைத் தூளியில் ஆடித் தூங்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. அதை யாரும் விடப்போவதும் இல்லை. ஆனால் துணி வளைந்து தொங்கும்போது சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் ஒட்டி, மூச்சுப்பாதை மடங்க இடமுண்டு. இருபுறத் துணியும் முகத்தின் மேல் மூடிக்கொள்ளாமல் குறுக்கே தொட்டில் கம்பு இருக்கட்டும். கண்முன்னே ஆட்டித் தூங்கவையுங்கள். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவு முழுக்கத் தூளியிலேயே விட வேண்டாம்.

இதையெல்லாம் சொல்ல நமக்கு இருக்கும் வாய்ப்பு பல நாடுகளுக்கு இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2015-ல் 16 பொருட்களோடு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கான படுக்கையும் கொசுவலையும் சேர்ந்தே வந்தன. அப்படிக் கொடுக்கும் படுக்கை கெட்டியானதாக இருக்கட்டும். தாய் எப்படி ஒருக்களிக்க வேண்டும் என்று காட்டும் ஒரு படத்தாளும் கூடவே போகட்டும். அதைவிட நல்ல வாய்ப்பு தடுப்பூசி. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் மூன்று புதன்கிழமைகளும் ஆபத்து உச்சத்தில் இருக்கும் பருவத்தை ஒட்டியே விழுகின்றன. ஊசிக்கும் இந்த இறப்புக்கும் தொடர்பு உண்டோ என்ற பயம் சில வீடுகளில் இருக்கிறது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடையே இது குறைவு என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஊசி போட்ட அன்றைக்கு இரவு பிள்ளை காய்ச்சலில் சிணுங்கும், தாய் தூங்க மாட்டாள், விடியற்காலையில் எங்காவது சாய்ந்துவிடுவாள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த நேரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் தரையில் ஒரு பாயை விரித்து, ஒரு பொம்மையைக் கிடத்தி, தானே படுத்துக் காட்டட்டும். கூட வந்த பாட்டியையும் படுக்கச் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்கட்டும்: இன்றைக்கு ராத்திரி பிள்ளைக்கு எந்தப் பக்கம் யார் படுப்பார்கள், தலையணைகள் எங்கே போகும், அப்பா குடித்துவிட்டு வந்தால் அவருக்குப் படுக்கை எங்கே?